சூசையின் கால் இறங்கிய நாள்

கொடிக்கரட்டு மலையில் திராட்சையை மிதித்தவர் எந்த நடை நடப்பாரோ அந்த நடையில்தான் அதன் ரசத்தைக் குடித்தவரும் நடப்பார் என்பது, மேற்கே கறுத்தால் மழை வரும் என்பதைப் போல, அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அவ்வளவு தெரிந்த சங்கதி என்பதாலேயே, சென்னையிலிருந்து ரயிலேறி, பஸ் ஏறி, கடைசியில் முதுகெலும்பைக் கழற்றி மாட்டிய ஒரு ஜீப்பில் ஏறி வந்து இறங்கிய ரங்கபாஷ்யத்திடம் அதை முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ரங்கபாஷ்யத்துக்கு ஐம்பது தாண்டியிருந்தது, கல்யாணம் கூடி வராமலே போயிருந்தது, சென்னையில் ஒரு பெரிய ஓட்டலுக்கு ஒயின் ருசி பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது அவர் உத்தியோகமாக இருந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த உத்தியோகத்தில் சேர்ந்த நாள் முதல் அவர் ஒரு சொட்டு ஒயின்கூட விழுங்கியதில்லை. வேலை கிடைத்த அன்று திருவல்லிக்கேணி வீட்டுக் கூடத்தில் அவர் அம்மா பெருந்தேவி, பிள்ளையின் கையைப் பிடித்துக் காலஞ்சென்ற அப்பாவின் படத்தின் மேல் வைத்து, "நாக்கோட நிக்கணும், தொண்டையில ஒரு சொட்டு இறங்கப்படாது, உங்கப்பா மாதிரி இருக்கணும்" என்று சத்தியம் வாங்கியிருந்தாள். அப்பாவைப் போல இருப்பது லேசான காரியமா? ஆபீசிலிருந்து வந்தால் வாசல் வழியாக உள்ளே வராமல், சந்து சுற்றிக் கொல்லைப்புறமாக வந்து, கிணற்றடியில் கால் கழுவி வாய் கொப்பளித்த பிறகே நிலைப்படி தாண்டுகிற ஆசாரம் அவருடையது. ஆகவே ரங்கபாஷ்யம் வாயில் வாங்கவும், உருட்டவும், மூக்கு வழியாக மூச்சை விட்டு வாசனையைப் பிடிக்கவும், பிறகு ஒரு துளி மிச்சமில்லாமல் துப்பவும் கற்றுக்கொண்டார். சாயங்காலம் ஆனால் மற்றவர்களின் நாக்கெல்லாம் தடித்துப்போகும்போது அவருடைய நாக்கு மட்டும் தெளிவாக இருந்தபடியால், ஊரிலேயே நம்பத்தகுந்த நாக்கு என்று பெயரும் வந்துவிட்டது. "என் பிள்ளை துப்பியே சம்பாதிக்கறான்" என்று பெருந்தேவி அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

அப்படிப்பட்டவரை ஓட்டல் முதலாளி கூப்பிட்டு, மேற்கு மலையில் ரோடு முடிகிற இடத்துக்கும் மேலே ஒரு கிறிஸ்தவ வேதக்கார ஊர் இருக்கிறதாம், அங்கே பாறையிடுக்கில் விளைகிற கறுத்த திராட்சையில் ஒரு சிவப்பு ஒயின் செய்கிறார்களாம், ஒரு டம்ளர் குடித்தால் ஆளையே கிளப்பிவிடுமாம், போய்ப் பார்த்து வாரும் என்று அனுப்பிவைத்திருந்தார். கிளப்பிவிடும் என்று முதலாளி சொன்னதை ரங்கபாஷ்யம், ஒயின்காரர்கள் வழக்கமாக அளக்கிற அளப்பு என்று எடுத்துக்கொண்டார்.

ரச அறைக்குப் பொறுப்பாளன் இஞ்ஞாசி என்பவன். நாற்பது வயது, வாய் நிறையச் சிரிப்பு. பாறையைக் குடைந்த ஓர் அறைக்குள் வரிசையாகப் பீப்பாய்கள் இருந்தன, ஒவ்வொன்றின் மேலும் சுண்ணாம்பால் ஒரு பெயர் எழுதியிருந்தது. எலிசம்மா, செபஸ்தி, உபதேசியார், மருத்துவச்சி ஞானம். பீப்பாயின் சொந்தக்காரர்கள் போலும் என்று நினைத்துக்கொண்டு ரங்கபாஷ்யம் செபஸ்தி பீப்பாயிலிருந்து ஒரு வாய் வாங்கினார். நாவல்பழமும், மிளகும், மழை நனைத்த கல்லும், அடியில் எங்கோ ஓர் இரும்பு ருசியுமாக அது நாக்கின் மேல் கால் ஊன்றி நின்றது. அவர் கண்ணை மூடி, உருட்டி, மூச்சை விட்டு, பழக்கப்படி திரும்பி வாசல் பக்கம் துப்பினார்.

இஞ்ஞாசி தலையில் கை வைத்துக்கொண்டான். அதற்குள் முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக் கோழி ஓடி வந்து, துப்பிய இடத்தைக் கொத்திக் கொத்திச் சுத்தமாக்கிவிட்டு, தலையை நிமிர்த்தி, நெஞ்சை முன்னால் தள்ளி, தெருவில் இறங்கியது. முதல் வீட்டு வாசலில் நின்றது, கொஞ்சம் காத்திருந்தது, அடுத்த வீட்டுக்குப் போயிற்று, அங்கேயும் நின்றது, காத்திருந்தது. ஒரு வீட்டுப் பெண் முறத்தைக் கீழே வைக்காமலே, "எங்களுக்கு ஒண்ணும் வரலியா?" என்று அதைக் கேட்டாள்.

"என்ன சார் இப்பிடிப் பண்ணிப்புட்டீங்க" என்றான் இஞ்ஞாசி. "செபஸ்தி மாமா தபால்காரர்ல. இனி அந்தக் கோழி மேலவரிசை முடிய போயிட்டுத்தான் வரும். முட்டை வைக்கிற நேரம் வேற."

பிறகுதான் விவரம் சொன்னான், அதையும் ஏதோ பஸ் நேரம் சொல்கிற மாதிரி. கொடிக்கரட்டில் ஒரு தொட்டிக்கு ஓர் ஆள்தான் இறங்கி மிதிக்க வேண்டும். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி ஆசைப்பட்டுச் சேர்ந்து மிதித்த தொட்டியின் ரசத்தைத் திருவிழாவில் ஊற்றப்போய், குடித்தவர்கள் இடது கால் களத்துக்கும் வலது கால் அடுப்படிக்கும் இழுக்க, தேருக்கு முன்னால் இருந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி நின்றார்கள். அதிலிருந்து அந்த விதி. பூசைக்கு அனுப்புகிற ரசத்தைக் கோயில் உபதேசியார் மட்டும்தான் மிதிப்பார், ஏனென்றால் அவர் நடை ஒன்றுதான் பீடத்தில் நடக்க லாயக்கான நடை. அவருக்கு வலது முழங்கால் வாதம் என்பதால் அடிவாரத்துக் கோயில்களிலெல்லாம் இளம் சாமியார்கள்கூட முழங்காலைப் பிடித்துக்கொண்டேதான் படி இறங்குகிறார்கள், அதைப் பார்த்துச் சனங்களுக்கும் பக்தி கூடியிருக்கிறது. புது மாப்பிள்ளைக்கு மாமியார் மிதித்த ரசத்தில் ஒரு டம்ளர் கொடுப்பார்கள். கிணற்றுக்கும் மாட்டுத்தொழுவத்துக்கும் அடுப்புக்கும் அந்தப் பெண்பிள்ளை ஒரு நாளில் எவ்வளவு நடக்கிறாள் என்பது அவன் காலுக்குத் தெரிந்துவிட்டால், பிறகு அவன் அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு தண்ணீர் கேட்க மாட்டான். ஒருமுறை சோதனைக்கு வந்த ஒரு போலீஸ்காரர் சும்மா இல்லாமல் மருத்துவச்சி ஞானத்தின் பீப்பாயில் வாய் வைத்துவிட்டு, விழுந்தடித்து ஓடிப்போய், நிறைமாதமாக இருந்த ஒருத்தியின் வீட்டு வாசலில் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றார். அவர் வந்து நின்றதும்தான் அவளுக்கே வலி கண்டது. அந்தப் பிள்ளைக்குக் காவல்தாஸ் என்று பெயர்.

"குடிச்ச நடை எறங்கணும்னா ஓடைத் தண்ணியில கால நனைச்சாப் போதும் சார். அம்புட்டுத்தான்" என்று முடித்தான்.

ரங்கபாஷ்யம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கோழி மேட்டிலிருந்த மேலவரிசை வீடுகளுக்கு ஏறுவது வாசல் வழியாகத் தெரிந்துகொண்டிருந்தது, ஆகவே மறுத்துப் பேசவும் வழியில்லை. தம் விஷயத்தில் கவலைப்பட ஒன்றுமில்லை என்று காட்டிக்கொள்வதற்காகச் சற்று மிடுக்காகவே சொன்னார்: "எனக்கு அந்தப் பயம் இல்லை. என் ஆயுசிலே நான் எந்த ஒயினையும் ஒரு சொட்டுகூட முழுங்கினதில்லை."

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். இஞ்ஞாசியின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "ஒரு சொட்டுக்கூடயா?" என்றான். "ஒரு சொட்டுகூட" என்றார் அவர். "கள்ளு, சாராயம்?" "சீச்சீ!" இஞ்ஞாசி தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அவரை அப்படியே பீப்பாய்களின் நடுவே விட்டுவிட்டு ஓடிப்போய்க் கோயில் மணியை அடித்தான்.

மணிச் சத்தத்துக்கு ஊர் கூடியது. ஆளாளுக்குச் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தபோது ரங்கபாஷ்யத்துக்கு விளங்கியது இது. கொடிக்கரட்டில் மிதிகாரர் ஒருவர் செத்துப்போனால், அவர் கடைசியாக மிதித்த பீப்பாயை உடனே திறப்பதில்லை. வருடப் பூசை முடிந்ததும் யாராவது ஒருவர் அதிலிருந்து முதல் டம்ளரைக் குடித்துவிட்டுக் கோயில் வாசலிலிருந்து நடக்க வேண்டும். செத்தவரின் கால்கள் கடைசியாக ஒருமுறை ஊருக்குள் நடந்து, எந்த வாசலில் போய் நிற்க நினைக்கின்றனவோ அங்கே நிற்கும். அந்த வாசலில் அவருடைய செருப்பை வைப்பார்கள், பீப்பாயும் அந்த வீட்டுக்கே. அதற்குப் பெயர் கால் இறக்குதல். கால் இறங்கும்வரை செத்தவர் வீட்டுக் கதவைச் சாத்தக் கூடாது. பங்குச் சாமியாரைக் கேட்டால், வேத புத்தகத்தில் இதற்கு ஆதரவும் இல்லை எதிர்ப்பும் இல்லை என்று சொல்லி, அந்த நேரத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ஆசீர்வாதம் கொடுப்பார்.

நடக்கிறவன் மட்டும் முன்பின் குடிக்காதவனாக இருக்க வேண்டும். உள்ளூர்க்காரர்கள் கால்களுக்குள் ஏற்கெனவே பத்துப் பேர் நடை கிடக்கிறது. வெளியூரில் குடிக்காதவன் எவன், அவன் எதற்கு இந்த மலைக்கு வருகிறான்? முன்பு ஒரு தடவை, தொட்டதே இல்லை என்று சத்தியம் செய்த ஒரு பஸ் கண்டக்டரை நம்பி நடக்கவிட்டதில், அவன் சொந்தப் பழக்கம் நடுவில் புகுந்து கரண்ட் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். அந்தக் குடும்பம் இன்றைக்கும் வருடா வருடம் அந்தக் கம்பத்துக்குத்தான் மாலை போடுகிறது.

இப்போது காத்துக் கிடப்பது சூசையின் பீப்பாய். சூசை காய்ச்சலில் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. அவர் செருப்பு மணிக்கூண்டில் தொங்குகிறது. அவர் மனைவி மதலேன் வீட்டு முன்கதவு அன்றிலிருந்து திறந்தே கிடக்கிறது, சாரல் உள்ளே அடிக்கிறது, ஆடுகள் வந்து அடுப்படி வரைக்கும் விசாரித்துவிட்டுப் போகின்றன. இன்னொரு மழை தாண்டினால் ரசம் புளித்துக் காடியாகிவிடும், பிறகு இறக்குவதற்குக் காலே இருக்காது.

"நான் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன்" என்றார் ரங்கபாஷ்யம்.

"யாருக்கு சார்?"

"அம்மாவுக்கு."

கூட்டத்தில் தலைத்துண்டு கட்டியிருந்தவர்கள் மரியாதையாக அதை அவிழ்த்துக்கொண்டார்கள். ஆனால் ஒருவரும் கலையவில்லை. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று இஞ்ஞாசி சமாதானமாகச் சொன்னான், ஏதோ நாளைக்குள் அந்தச் சத்தியம் தானாகக் காய்ந்து உதிர்ந்துவிடும் என்பது போல.

சாயங்காலம் அவர் தங்கியிருந்த அறைக்கு மதலேனே வந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும், ஒடிசலான தேகம், கையில் அவித்த மரவள்ளிக்கிழங்கு ஒரு தட்டு. வாசலிலேயே நின்று அக்கம்பக்கம் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

"சார், ஒண்ணு கேட்டாத் தப்பா எடுக்கக் கூடாது."

"சொல்லுங்கோம்மா."

"எங்க வீட்டுக்காரக சாயந்திரம் ஆனா மேலவரிசைக்குப் போவாக. தெனமும். எங்க போறீகன்னு நான் கேட்டதே இல்ல. கேட்டு, சொல்லிட்டாகன்னா என்ன செய்ய?" தட்டை மேசையில் வைத்தாள். "மேலவரிசையில ரெஜினா வீடு இருக்கு. எனக்கு முந்தி அவுகளுக்குப் பேசி வச்சிருந்த பொண்ணு. நகைத் தகராறுல நின்னு போச்சு. அவளுக்கு அப்புறம் வேற எடத்துல கல்யாணமாகி, அவ புருசனும் போயிட்டான். முப்பது வருசமா நானும் அவளும் கோயில்ல ஒரே பெஞ்சுல உக்காந்ததில்ல."

ரங்கபாஷ்யம் கிழங்கில் ஒரு துண்டு எடுத்துக்கொண்டார்.

"நாளைக்கு அவுக காலு அங்க போய் நின்னுச்சுன்னா செருப்பு அவ வாசலுக்குப் போயிரும். ஊரே பாக்கும். நான் அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கதவச் சாத்த?" அவள் கிழங்குத் தட்டை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். "நீங்க துப்புறதுல கெட்டிக்காரருன்னு சொன்னாக. வாயில வாங்கி அப்பிடியே வச்சுக்கிட்டு, நேரா எங்க வீட்டுக்கு நடந்து வந்து அங்கன துப்பிருங்க. வாசல்ல செம்பு வச்சிருக்கேன். ஒங்க அம்மா சத்தியமும் நிக்கும், எம் மானமும் நிக்கும்."

யோசித்துப் பார்த்தால் இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது. ரங்கபாஷ்யத்துக்கு மனசு லேசாயிற்று. ஆனால் சூசையின் நடை தெரிய வேண்டுமே என்றார். "அதுக்கென்ன" என்று மதலேன் சேலையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தச் சின்ன அறையில் நடந்து காட்டினாள். வலது தோள் ஒரு பிடி முன்னால் போகும், இடது குதிகால் கொஞ்சம் இழுபடும், சாக்கடையோ வாய்க்காலோ வந்தால் தாண்டாமல் ஒரு குதி குதிக்கும், கை ரெண்டும் பின்னால் கட்டியிருக்கும். அவர் அவள் பின்னாலேயே நடந்து நடந்து கற்றுக்கொண்டார். மூன்றாவது நான்காவது சுற்றில் அவள் திடீரென்று நடப்பதை நிறுத்திக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு நாளும் தன் கண்ணுக்குள் இருந்த மனுஷனைத் தன் காலிலேயே பார்த்துவிட்ட துக்கம் அவளுக்கு. ரங்கபாஷ்யம் தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

மறுநாள் பூசை முடிந்தது, சாமியார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார், கோயில் வாசலில் சூசையின் பீப்பாயை உருட்டி வந்து நிறுத்தி அடைப்பைப் பிடுங்கினார்கள். இஞ்ஞாசி ஒரு கையில் டம்ளரையும் மற்றொரு கையில் மணிக்கூண்டிலிருந்து இறக்கிய செருப்பையும் பிடித்துக்கொண்டு நின்றான். தெருவின் இரண்டு பக்கமும் சனம். மேலவரிசை மூலையில் ரெஜினா முக்காடு போட்டுக்கொண்டு, வந்தால் என்ன வராவிட்டால் என்ன என்கிற முகத்தோடு நின்றாள். தெருவின் நடுவில், திறந்த கதவுக்கு முன்னால், பச்சைச் சேலை உடுத்தி மதலேன் நின்றாள். அவள் காலடியில் செம்பு பளபளவென்றிருந்தது.

ரங்கபாஷ்யம் டம்ளரை வாங்கி வாய் நிறைய ஊற்றிக்கொண்டார். கறுத்த திராட்சை, பாறை, மூடுபனி, வெயில், உழைத்த ஒரு மனுஷனின் உள்ளங்கால் என்று ஒன்றன்பின் ஒன்றாக அது அவர் நாக்கில் இறங்கி உட்கார்ந்தது. கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு, கையைப் பின்னால் கட்டி, வலது தோளை முன்னால் தள்ளி, இடது குதிகாலை இழுத்து நடக்க ஆரம்பித்தார். கூட்டத்தில் யாரோ ஒரு பையன், "சூசைத் தாத்தா மாதிரி கொஞ்சங்கூட இல்லயே" என்றான். அவன் அம்மா அவன் வாயைப் பொத்தினாள்.

நிமிர்ந்து மதலேனைப் பார்த்தார். அவரோடு பேசி வைத்துக்கொண்ட திருட்டுத்தனம் ஒன்றும் அந்த முகத்தில் இல்லை. புதுப் பெண் மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு, தெருக்கோடியில் யாரோ வருகிறார்கள் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் சொல்லிக்கொடுத்த பொய்யைத் தானே மறந்துவிட்டுக் காத்திருக்கிற ஒருத்திக்குப் போய், வாய் உப்பிய ஒரு திருவல்லிக்கேணி ஆசாமி கொண்டுபோய்க் கொடுக்கப்போவது ஒரு வாய் எச்சில். ரங்கபாஷ்யத்துக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தினால்தான் விழுங்கினேன் என்று அவர் பிற்பாடு தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். ரசம் அவ்வளவு நன்றாக இருந்தது என்பதும் ஒரு காரணம், அதை நாம் சொல்லிவிடலாம்.

தொண்டைக்குள் அது இறங்கியது, வயிற்றுக்குள் இறங்கியது, முழங்காலுக்குள் இறங்கியது. அதற்குப் பிறகு கால்கள் அவரைக் கேட்கவில்லை. கைகள் முதுகுக்குப் பின்னால் தாமே கட்டிக்கொண்டன. முதல் வாய்க்கால் வந்தது, ஒரு குதி. கூட்டம் முழுவதும் ஒரே மூச்சாக, "சூசை" என்றது. பெண்கள் அழுதார்கள். கால்கள் நேராக மதலேனின் வாசலை நோக்கி வந்தன, செம்பின் பக்கத்தில் வந்தன, செம்பைத் தாண்டின.

மதலேனின் முகத்தை ரங்கபாஷ்யம் ஓரக்கண்ணால் பார்த்தார். நிற்கலாம் என்று முயன்றும் பார்த்தார். சொல்வதற்கு வாய் இருந்தது, நிற்பதற்குக் கால் இல்லை. "மன்னிச்சுக்கோங்கோம்மா" என்று கத்திக்கொண்டே அவர் மேலவரிசைக்கு ஏறினார். பின்னால் ஊரே ஏறியது, இஞ்ஞாசி செருப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஏறினான். கால்கள் ரெஜினா வீட்டு வாசலுக்குப் போய், வாசலில் நிற்காமல் பக்கவாட்டுச் சுவர் ஓரமாகத் திரும்பி, அங்கே நின்றன.

ரெஜினாவின் முக்காடு நழுவிவிட்டது. இஞ்ஞாசி செருப்பைக் கீழே வைக்கக் குனிந்தான்.

அப்போது ரங்கபாஷ்யத்தின் வலது கை தானாக எழுந்து காதுக்குப் பின்னால் போயிற்று. அங்கே இல்லாத எதையோ எடுத்து உதட்டில் வைத்தது. அவர் உடம்பு திரும்பி, காற்றுக்கு முதுகைக் காட்டிச் சுவரோடு ஒடுங்கியது. கை சுவரில் ஒரு கிழி கிழித்தது, இரண்டு உள்ளங்கைகளும் குவிந்தன, கன்னம் ஒட்டி உள்ளே இழுத்தது, பிறகு ஒரு நீண்ட, நிறைவான மூச்சு பள்ளத்தாக்கைப் பார்த்து வெளியே போயிற்று. அந்தச் சுவரில், கை கிழித்த இடத்தில், தீக்குச்சிக் கரி நூற்றுக்கணக்கான கோடுகளாகப் படிந்திருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அந்த மலையில் காற்று அடிக்காத சுவர் அது ஒன்றுதான்.

"அடப்பாவி மனுசா!" என்று கூவினாள் ரெஜினா. "வருசா வருசம் சுண்ணாம்பு அடிச்சேன், சலிச்சுப்போயி விட்டும்புட்டேன், இந்தக் கரி எங்கேருந்துதான் வருதுன்னு தெரியாம, பேய் பிசாசோன்னு சாமியாரக் கூட்டியாந்து தீர்த்தம் தெளிச்சேனே!"

கால்கள் அதைக் கேட்டு நிற்கவில்லை. ஒரு பீடி கரைகிற நேரம் நின்றுவிட்டு, வந்த வழியே திரும்பாமல், வீடுகளின் பின்பக்கமாக இறங்குகிற ஒற்றையடிப் பாதையில் இறங்கின. ஒரு வாய்க்கால், ஒரு குதி. வேலியைத் தாண்டி ஒரு கொய்யாமரம் வந்தது. கை உயர்ந்து இளம் இலையாகப் பார்த்து இரண்டு கிள்ளியது, வாய் அதை அவசர அவசரமாக மென்றது, துப்பியது. பின்கதவுக் கல்லில் இடது காலை இரண்டு தேய்ப்பு. தொண்டையை ஒரு செருமல். அங்கே கால்கள் நின்றன.

உள்ளே ஓடி வருகிற சத்தம் கேட்டது. முன்வாசலிலிருந்து வீட்டைக் குறுக்காக ஓடி வந்து, மதலேன் பின்கதவைத் திறந்தாள். மூச்சு வாங்கியது. அவரை மேலும் கீழும் பார்த்தாள், காலைப் பார்த்தாள், வேலிக்கு அப்பால் நிற்கிற ஊரைப் பார்த்தாள், கொய்யாமரத்தைப் பார்த்தாள்.

"ஊதுங்க" என்றாள்.

ரங்கபாஷ்யம் ஊதினார்.

"கொய்யா எலை பல்லுக்கு நல்லதுன்னு சொன்னீகளேய்யா" என்றாள் மதலேன். "கல்யாணத்தன்னைக்குப் பீடிய விட்டுட்டேன்னு பைபிள் மேல கைய வச்சீகளே. ஒங்க பல்லு ஆடக் கூடாதேன்னு நாந்தானே இந்த மரத்தையே வச்சேன். தெனம் தண்ணி ஊத்துனேனே!" சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். "பீடிதானா? இம்புட்டு வருசமும் வெறும் பீடிதானா? சொல்லியிருந்தா நானே வாங்கித் தந்திருப்பேனே!"

இஞ்ஞாசி வேலியைத் தாண்டி வந்து செருப்பைப் பின்கதவுக் கல்லின் மேல் ஜோடியாக வைத்தான். மதலேன் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், ஆடுகளை விரட்டிவிட்டு, இரண்டு மழைக்காலமாகத் திறந்து கிடந்த முன்கதவைச் சாத்தினாள். மரம் ஊறிப்போய்ச் சரியாகப் பொருந்தவில்லை, தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. மறுபக்கத்திலிருந்து இன்னொரு ஆள் இழுத்துப் பிடித்ததும்தான் அது உட்கார்ந்தது. யாரென்று பார்த்தால் ரெஜினா. அன்றைக்குச் சூசையின் பீப்பாய் தீர்கிறவரை ஊரே குடித்தது, ஆணும் பெண்ணும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ரெஜினா வீட்டுச் சுவர் ஓரமாகப் போய் வரிசையில் நின்றார்கள், கொய்யாமரம் மொட்டையாயிற்று.

ரங்கபாஷ்யம் ஓடையில் கால் நனைத்தார். சூசை இறங்கிப் போனது தெரிந்தது, தம்முடைய பழைய நடை திரும்பி வந்ததும் தெரிந்தது. முன்பு அது இவ்வளவு ஒல்லியாக இருந்ததாக அவருக்கு நினைவில்லை.

சென்னைக்கு வந்ததும் நேராக ஓட்டலுக்குப் போய், அந்த ஒயின் நமக்குச் சரிப்படாது என்று முதலாளியிடம் சொன்னார். ஏன், காரமா என்றார் முதலாளி. அதெல்லாம் இல்லை, குடித்தவர்கள் பில் வருவதற்குள் எழுந்து நடந்துவிடுவார்கள் என்றார் ரங்கபாஷ்யம். அது பொய்யும் இல்லை. முதலாளி அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

திருவல்லிக்கேணியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் உள்ளங்கையில் ஒருதரம் ஊதி மோந்து பார்த்துக்கொண்டார். ஓடையில் கால் நனைத்து, அடிவாரத்தில் தலைக்குக் குளித்து, ரயிலில் இரண்டு தடவை பல் தேய்த்தாயிற்று. வாயில் ஒரு வாசனையும் இல்லை என்பதில் சந்தேகமே கிடையாது, அவர் மூக்குக்குத் தெரியாத வாசனை ஏது? ஆனாலும் முன்வாசல் வழியாகப் போய் அம்மாவின் முகத்தில் விழிக்கத் தைரியம் வரவில்லை. கால்கள் வாசலைத் தாண்டின. இது சூசை இல்லை, சூசை இறங்கிப் போயாயிற்று. சந்து சுற்றிக் கொல்லைப்புறம் வந்தார். பின்னண்டை வீட்டு மதிலிலிருந்து ஒரு கொய்யாக்கிளை அவர்கள் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. எத்தனையோ வருடமாக அங்கே இருக்கிற கிளைதான், அவர் இன்றைக்குத்தான் பார்க்கிறார். எட்டிப் பிடிக்கத் தோதான உயரத்தில் இலைகள் இல்லை. கிளை அந்த இடத்தில் மட்டும், யாரோ ஒரு காலத்தில் பறித்துப் பறித்துத் துளிர்க்கவே மறந்து, மொழுமொழுவென்று கிடந்தது. எம்பித்தான் பறிக்க வேண்டியிருந்தது. மென்றார், துப்பினார், கிணற்றடியில் கால் கழுவினார், வாய் கொப்பளித்தார்.

பெருந்தேவி சமையலறை வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கண் இப்போதெல்லாம் அவ்வளவாகத் தெரிவதில்லை. தலையை நிமிர்த்தாமலே, "கொல்லை வழியா வரயே" என்றாள்.

"சும்மாத்தான் அம்மா."

"கிட்டத்துல வா." வந்தார். "ஊது."

ஐம்பது வயதைத் தாண்டிய ரங்கபாஷ்யம் அம்மாவின் முகத்துக்கு நேரே குனிந்து ஊதினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, பிள்ளைக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவளே அவள்தான் என்பது போல, மெதுவாக மூச்சை இழுத்தாள்.

"கொய்யா இலை" என்றாள். கீரையில் ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டாள். "உங்கப்பாவும் ஏகாதசி தவிர மத்த நாள் பூரா இதைத்தான் மென்னுண்டு இந்த வழியா வருவார். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுண்டே போய்ச் சேர்ந்துட்டார் பாவம். நானும் சொல்லலை."

ரங்கபாஷ்யம் திரும்பிப் பார்த்தார். கூடத்துச் சுவரில் படத்துக்குள் அப்பா வழக்கம் போல ஆசாரமாக இருந்தார்.

"நன்னா இருந்துதா?" என்று கேட்டாள் பெருந்தேவி.

நாவல்பழம், மிளகு, மழை நனைத்த கல், இரும்பு என்று ஒரு வாய் ஒயினைப் பற்றி ஒரு மணி நேரம் பேசக்கூடிய அந்த மனுஷர், அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒரு பிடி கீரையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நன்னா இருந்தது அம்மா" என்றார்.